சல்லூமின் பின்சுவர்

கோயில் வாசலில் நின்று, முழங்கால் வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று கதைக்கிற வயதுக்கு நாமெல்லாம் வந்துவிட்டோம். போன மாதம் தமிழ்ப் பூசையில் நெகேமியாவின் புத்தகத்திலிருந்து வாசகம் வந்தபோது, முன்வாங்கில் உட்கார்ந்திருந்த உங்களில் இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று என் மகள் கேட்டாள். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். போய்ச் சொல்லத் தொடங்கினால், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நாலு பேர் சேர்ந்து பார்த்தால் எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். மகள் ஒருத்தி பார்த்தாலும் அப்படித்தான் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். அதனால் எழுதிவிடுகிறேன். பிழை இருந்தால் தேத்தண்ணி நேரத்தில் பிடித்துத் திருத்துங்கள்.

நீங்கள் நினைத்துச் சிரித்தது சல்லூமை. பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட யூதர்கள் எருசலேமுக்குத் திரும்பி, இடிந்து கிடந்த மதிலைக் கட்டியபோது, யார் யார் எந்தப் பகுதியைக் கட்டினார்கள் என்று நெகேமியா ஒரு முழு அதிகாரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார். அதில் ஒரேயொரு வசனத்தில் சல்லூம் வருகிறார். எருசலேமில் பாதிக்குத் தலைவர். தன் மகள்களோடு சேர்ந்து மதிலைக் கட்டினார். அவ்வளவுதான். அந்த மகள்களுக்குப் பெயர்கூட இல்லை.

ஒரு கோடை முழுக்க என் அப்பாவுக்குச் சல்லூம் என்ற பெயர் இருந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸில் ஒரு லோண்டரிக் கடைக்கு மேலே எங்கள் வீடு. கீழே உடுப்பு மினுக்குகிற நீராவி தரைப்பலகை இடுக்கால் ஏறி வரும். குளிர்காலத்தில் அது சுகம். கோடையில் அம்மா நனைந்த துவாயைத் தரையில் விரித்து வைப்பார். அப்பாவுக்குப் பாண் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். காலையில் அவர் படியேறி வரும்போது மா மணமும் ஈஸ்ட் மணமும் அவருக்கு முன்னால் வரும். பெரியக்காவுக்குப் பதினைந்து, சின்னக்காவுக்குப் பன்னிரண்டு. ஒரு அறையில் மூன்று பேரும் படுப்போம். ஜன்னலுக்குத் திரைச்சீலை இல்லை. அப்பாவின் பழைய சாரம் ஒன்றை ஆணியில் மாட்டியிருந்தோம். எதையாவது வாங்குவோம் என்றால் அம்மா, "போற இடத்திலை வாங்கலாம்" என்பார்.

போகிற இடம் கனடா. ரொறன்ரோவில் இருந்த மாமா, அம்மாவின் அண்ணன், ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுப்பார். "உங்கை தனியக் கிடந்து என்ன செய்யிறாய்? இஞ்ச எங்கடை சனம் முழுக்க இருக்கு, வாங்கோ" என்று அவர் சொல்வது, ரிசீவரை அம்மா காதில் வைத்திருந்தாலும் எங்களுக்கும் கேட்கும். அப்பாவுக்கு விருப்பமில்லை. ஆனால் அவர் மெல்லப் பேசுகிற மனிதர். ஊரில் சங்கக்கடையில் கிளாக்கராக இருந்தவர். சண்டை பிடிக்கத் தெரியாது.

அம்மாவின் குறை ஒன்றுதான், எங்களோடு சேர ஒருவரும் இல்லை. அம்மா மன்னார், அப்பா யாழ்ப்பாணம். உங்களுக்கு நினைவிருக்கும், அந்த நாளில் தமிழ்ப் பூசைக்கு யாழ்ப்பாணத்து ஆட்கள் இடப்பக்க வாங்குகளிலும் மன்னார் ஆட்கள் வலப்பக்க வாங்குகளிலும்தான் இருப்பார்கள். யாரும் சட்டம் போடவில்லை. அப்படியே இருந்து பழகிவிட்டது. நாங்கள் கடைசி வாங்கில் இருப்போம். பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது அந்தப் பக்கம் ஒரு வட்டம், இந்தப் பக்கம் ஒரு வட்டம். இடப்பக்கத்துக்கு அம்மா "மன்னார்ப் பெட்டை". வலப்பக்கத்துக்கு "யாழ்ப்பாணத்தாரைக் கட்டிப் பெருமை பிடிச்சவள்". அம்மா கைப்பையின் வாரைப் பிடித்தபடி நடுவில் நிற்பார். தேத்தண்ணி ஆறமுதல் எங்களை இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டு விடுவார்.

"ரெண்டு வருசமா இந்த வீட்டுக் கதிரையிலை வெளியாள் ஒருத்தர் இருந்திருக்கினமோ?" என்று ஒருநாள் அப்பாவிடம் கேட்டார். "கரண்ட் மீற்றர் பாக்கிறவன் மட்டும்தான் இந்தப் படி ஏறினவன். அவனும் கதிரையிலை இருக்கேல்லை."

அப்பா எழும்பிப் போய் நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு, "இஞ்சாரும், ஆவணித் திருநாள் முடியட்டும். பிறகு உம்மடை அண்ணர் சொன்ன மாதிரிக் கனடாவுக்குப் பேப்பர் போடுவம்" என்றார்.

அப்படித்தான் முடிவானது. மன்னார்ப் பக்கத்து மடுமாதாவின் ஆவணித் திருநாள் வரைக்கும் லண்டன். அதன்பின் கனடா. பெரியக்காவுக்குச் சந்தோசம், அங்கே மச்சாள்மார் இருந்தார்கள். சின்னக்காவுக்கு எங்கே என்றாலும் ஒன்றுதான். எனக்கு மட்டும் போக விருப்பமில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு வருசம் வாய் திறக்காமல் இருந்து, அப்போதுதான் ஒருத்தி என்னோடு மதியச் சாப்பாட்டுக்கு இருக்கத் தொடங்கியிருந்தாள். இன்னொரு நாட்டில் முதலிலிருந்து வாய் மூடிக்கொண்டு இருக்க வேண்டுமே என்று நினைத்தேன்.

இப்போது மண்டபத்துக்கு வருகிறேன்.

கோயிலுக்குப் பின்னால், சாரணர் பொடியள் கூடாரம் போட்டு வைக்கிற செங்கல் கட்டடம் ஒன்று இருந்தது. ஈரமும் எலியும் பழைய கன்வஸும் கலந்த மணம் அதற்கு. பங்குத்தந்தை அயர்லாந்துக்காரர். திருநாளுக்கு முன் அதைத் திருத்தி எடுத்தால் தமிழ் ஆட்கள் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் ஒரு கம்பளக் கடைக்காரருக்கு வாடகைக்கு விடப்போகிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். உடனே சிரமதானம் என்று முடிவு செய்தார்கள். ஊரில் கிணறு இறைக்க, ஒழுங்கை திருத்த, கோயில் வளவு துப்புரவாக்க ஊரே கூலி வாங்காமல் இறங்குவது போல, சனிக்கிழமைகளில் எல்லாரும் வந்து வேலை செய்வது.

நமக்கு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி படிப்பித்த உபதேசியாரை மறந்திருக்க மாட்டீர்கள். கம்பிக்கண்ணாடி, எந்தக் கோடையிலும் கழற்றாத கம்பளிச் சட்டை. அவர்தான் நெகேமியாவைக் கையில் எடுத்தார். மதிலைப் பங்கு பிரித்தது போல மண்டபத்தையும் பிரித்தார். இடப்பக்க நீளச் சுவர் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு. அவர்களுக்குத் தலைவர் பெற்றோல் ஷெட்டில் வேலை செய்த அங்கிள். வலப்பக்க நீளச் சுவர் மன்னார் ஆட்களுக்கு. அவர்களுக்குத் தலைவர் மீன்கடை அங்கிள். மேடைச் சுவர் பாட்டுக் குழுப் பொடியளுக்கு. கடைசியில் வாசற்கதவு உள்ள பின்சுவர் மிஞ்சியது. அதைக் கேட்க ஒருவரும் இல்லை. குழாய் ஒழுகி, சுவர் ஊறி, கையை வைத்தால் பூச்சு மாவாக வந்தது.

அப்பா கையை உயர்த்தினார்.

"அண்ணைக்கு ஆம்பிளைப் பிள்ளையள் இல்லையே. ஆரைக் கொண்டு செய்யப் போறார்?" என்று பெற்றோல் ஷெட் அங்கிள் கேட்டார்.

"பிள்ளையள் இருக்கினம்" என்றார் அப்பா.

"ஆர், இந்தப் பெட்டையளோ!"

எல்லாரும் சிரித்தார்கள். உபதேசியார் மட்டும் சிரிக்காமல் விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். "பொறுங்கோ, பொறுங்கோ. இந்தா இருக்கிறார் ஒருத்தர். சல்லூம். பெட்டையளோடை சேந்து மதில் கட்டினவர். வேதப் புத்தகத்திலையே கிடக்கு, பேந்தென்ன? இண்டையிலையிருந்து அண்ணைக்குச் சல்லூம் எண்டு பேர்." பிறகு, வேலைக்கு வந்து கதிரையில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த கணக்காளர் அங்கிளைப் பார்த்து, "தோள் குடுக்க மாட்டம் எண்டு நிண்ட தெக்கோவா ஊர்ப் பெரியாக்களும் இதுக்குள்ளை இருக்கினம், தெரியுமோ?" என்றார். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

வீட்டுக்கு வந்து நாங்கள் மூன்று பேரும் அந்த வசனத்தைத் தேடி வாசித்தோம். திரும்பத் திரும்ப வாசித்தாலும் ஒரு வசனம் ஒரு வசனம்தான். எத்தனை மகள்கள்? மூத்தவள் முறுமுறுத்தாளா? கடைசிக்குக் கல் தூக்க முடிந்ததா? ஒன்றும் இல்லை. எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. குசினிக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன்.

"அம்மா, சல்லூமின்ரை மனிசி எங்கை? அவவைப் பற்றி ஒண்டும் இல்லை."

அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டே, "அவள் பாபிலோனிலையே நிண்டிருப்பாள். புத்தியுள்ளவள்" என்றார்.

அப்பா அடுத்த அறையில் படுத்தபடி சிரித்தது கேட்டது.

எங்களை வேலைக்கு விட அம்மாவுக்கு மனமில்லை. பெரிய பெட்டை ஏணியில் ஏறி நிற்பதை ஊர் பார்க்குமே என்று பயம். காற்சட்டை போடக்கூடாது, பாவாடையோடு ஏணியில் ஏறக்கூடாது. அப்போது எதைத்தான் போடுவது? அப்பா தொழிற்சாலையில் கழித்துவிட்ட வெள்ளைக் கோட்டுகள் மூன்றைக் கொண்டு வந்தார். காற்சட்டைக்கு மேலே அதைப் போட்டு, அம்மாவின் பழைய சேலைக் கரையைக் கிழித்து இடுப்பில் கட்டிக்கொண்டோம். என்னுடைய கோட்டு தரையைக் கூட்டியது. உள்ளே போனதும் பாட்டுக் குழுவில் ஒருவன், "ஐசே, வழி விடுங்கோ, டொக்டர்மார் வருகினம்!" என்று கத்தினான். பெரியக்கா சுரண்டியைத் தூக்கிக் காட்டி, "முதல் ஒப்பரேசன் உனக்குத்தான்" என்றாள். அவன்தான் பிறகு எங்கள் அத்தானானான். அதை இங்கே எழுதினால் அக்கா கோபிப்பாள். என்றாலும் உங்களுக்குத்தான் தெரியுமே.

பழைய சுவர்த்தாளை உரிப்பது மாதிரிச் சந்தோசமான வேலை நான் பிறகு செய்ததில்லை. சுடுதண்ணீரில் கந்தையை நனைத்து ஒற்றி, நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தால் நீளமாக வரும். மேலே பழுப்புப் பூக்கள். அதன் கீழே கப்பல்கள். அதன் கீழே ஒரு கரும்பச்சை. உதிர்ந்த பூச்சுக்குள் ஒரு பித்தளை விசில் கிடந்தது. சின்னக்கா அதைக் கழுவி ஊதினாள், சத்தம் வரவில்லை, என்றாலும் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தாள். எங்கே போய்த் தொலைந்ததோ தெரியாது.

எல்லாரும் சுவரைப் பார்த்து நின்று வேலை செய்கிற இடம் அது. உங்களில் பலரை நான் முதலில் முதுகால்தான் அறிந்தேன். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை. அதனால் எனக்குப் பேச்சு வந்தது. பக்கத்துச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தவளோடு முதுகுக்கு முதுகு நின்று அந்தக் கோடை முழுக்கக் கதைத்தேன். அவள் இப்போதும் கோயிலில் என்னோடு ஒரே வாங்கில் இருக்கிறாள்.

அப்பாவுக்குக் கைவேலை வராது. அதை மறைக்கத் தேவையில்லை. பூச்சு பூசினால் பாதி காலடியில் விழும். மட்டப்பலகையை அவர் எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நாங்களும் அவருக்குத் தப்பாத பிள்ளைகள். எங்கள் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவினால் கடல் அலை மாதிரி ஏறி இறங்கும். உபதேசியார் வந்து தடவிப் பார்த்துவிட்டு, "சல்லூமின்ரை மதிலும் இப்பிடித்தான் இருந்திருக்கும். அதுதான் நெகேமியா அதைப் பற்றிக் கனக்க எழுதேல்லை" என்றார்.

சாப்பாட்டை மட்டும் சொல்லாமல் விட முடியாது. இடப்பக்கத்துக்கு ஒரு பானை, வலப்பக்கத்துக்கு ஒரு பானை. ஒருவர் பானையில் மற்றவர் கை வைப்பதில்லை. நடுவில் இருந்த எங்களுக்கு யார் தருவது? முதல் சனிக்கிழமை இரண்டு பக்கமும் மற்றப் பக்கம் தரும் என்று விட்டுவிட்டார்கள். நாங்கள் பிஸ்கட் சாப்பிட்டோம். அடுத்த கிழமை இரண்டு பக்கத்துக்கும் வெட்கமாகிவிட்டது. இடப்பக்கத்திலிருந்து கத்தரிக்காய்ப் பால்கறியும் சோறும், வலப்பக்கத்து மன்னார் ஆட்களிடமிருந்து நண்டுக் கறியும் சோறும் வந்தன. அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படித்தான். அந்த மண்டபத்திலேயே இரண்டு சாப்பாடு சாப்பிட்ட குடும்பம் நாங்கள் மட்டும்தான். அம்மாவுக்கு ஒரு தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுத்தோம். நண்டுக் கறியை வாயில் வைத்ததும் அம்மா கொஞ்ச நேரம் மெல்லாமல் இருந்தார். "ஆர் காய்ச்சினது?" என்று மட்டும் கேட்டார்.

பிறகுதான் நிறம் வந்தது.

சுவர்களுக்கு என்ன நிறம் அடிப்பது என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. அவரவர் சுவர், அவரவர் பெயின்ட். ஒரு சனிக்கிழமை பெற்றோல் ஷெட் அங்கிள் இளநீல வாளிகளோடு வந்து இறங்கினார். அதே நேரம் மீன்கடை அங்கிளின் வானிலிருந்து மஞ்சள் வாளிகள் இறங்கின. இரண்டு பேரும் மற்றவரின் வாளியைப் பார்த்தார்கள். அவரவர் வாளியின் மூடியைத் திறந்தார்கள். பின்னேரம் ஆவதற்குள் ஒரு சுவர் நீலம், எதிர்ச்சுவர் மஞ்சள். பொடியள் மேடைச் சுவரில் முன்னரே கடும் சிவப்புத் திரை தொங்கவிட்டுத் தப்பிவிட்டார்கள். எஞ்சியது அடிப்பூச்சு வெள்ளையோடு நின்ற எங்கள் பின்சுவர்.

அது எந்த நிறமோ அந்தப் பக்கத்துக்குத்தான் மண்டபம் சொந்தம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கே அது விளங்கியது.

"என்ன சல்லூம், நீலம் ஒரு வாளி மிச்சம் கிடக்கு. தரட்டோ?" என்றார் பெற்றோல் ஷெட் அங்கிள்.

"மஞ்சள் ரெண்டு வாளி கிடக்கு" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு, தனது மெல்லிய குரலில், "மனிசியைக் கேக்க வேணும்" என்றார்.

மண்டபமே சிரித்தது. மனிசிக்குப் பயந்த சல்லூம் என்று அன்றிலிருந்து அடைமொழியும் சேர்ந்தது. எங்களுக்குக்கூட வெட்கமாக இருந்தது. பெரியக்கா வீட்டுக்கு வரும் வழியில் அப்பாவை விட்டு முன்னால் நடந்தாள்.

இரண்டு நாள் கழித்து, பின்னேரம், யாரோ கீழ்க்கதவைத் தட்டினார்கள். மீட்டர் பார்க்கிறவர் வருகிற நாள் இல்லையே என்று அம்மா ஜன்னலால் எட்டிப் பார்த்தார். மீன்கடை அங்கிளும் அவருடைய மனைவியும் நின்றார்கள். கையில் பேப்பரில் சுற்றிய ஒரு பெரிய பாரை மீன்.

"தங்கச்சி, நீ எங்கடை ஊர்ப் பிள்ளை" என்றார் அங்கிள், கதிரையில் இருக்கமுதலே. "உன்ரை ஐயாவை எனக்குத் தெரியும். பெருநாளுக்குத் தேர் இழுக்கேக்கை முன் வடத்திலை நிண்டவர்."

அம்மாவின் கை மீனைப் பிடித்தபடி அப்படியே நின்றது. "ஐயாவைத் தெரியுமோ உங்களுக்கு?"

நிறத்தைப் பற்றி அவர்கள் கடைசியில்தான் பேசினார்கள். எழும்பிப் படியிறங்கும்போது, மஞ்சள்தான் பொருத்தம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். "யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை" என்றார் அம்மா.

இந்தக் கதை எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, அடுத்த நாளே பெற்றோல் ஷெட் அங்கிளும் மனைவியும் வந்தார்கள். ஊரிலிருந்து வந்த பொதியில் கிடந்த, ஓலைக்குள் வார்த்த பனங்கட்டிக் குட்டான்கள் அவர்கள் கையில். "நீர் எங்கடை வீட்டுக்கு வந்த மருமகள் எல்லோ. இவ்வளவு நாளும் வராமல் விட்டது எங்கடை பிழை" என்றார் அந்த மாமி. அம்மா அவருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். அவருக்கும் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

அவர்கள் போனபின் அம்மா அலுமாரியைத் திறந்து கோப்பைகளைப் பார்த்தார். ஒன்றுக்குக் காது இல்லை, ஒன்றுக்கு வெடிப்பு. மறுநாள் எங்களைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் குட்மேய்ஸுக்குப் போய், நீலப் பூப்போட்ட கோப்பைகளும் தட்டுகளும் வாங்கினார். பிறகு கடை வாசலில் நின்று யோசித்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போய், மஞ்சள் பூப்போட்டதிலும் அதே அளவு வாங்கினார். பெரியக்கா என் காதுக்குள், "கனடாவுக்குப் போற ஆள் கோப்பை வாங்குமோடி?" என்றாள்.

அதன்பின் அந்தக் கோடையில் எங்கள் படி ஓயவில்லை. முதலில் நிறத்துக்காக வந்தார்கள். பிறகு நிறத்தைச் சாட்டி வந்தார்கள். பிறகு சாட்டும் இல்லாமல் வந்தார்கள். மீன்கடை மாமி ஒருநாள் இடுப்பைப் பிடித்தபடி நாரிப்பிடிப்பு என்று சொல்லிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு எங்கள் செற்றியில் காலை நீட்டிப் படுத்துவிட்டார். அம்மாவின் முகத்தை நீங்கள் அப்போது பார்த்திருக்க வேண்டும். அவர் குசினிக்குள் வந்து, ஏதோ பரிசு கிடைத்ததுபோல, "நித்திரையாப் போனா" என்று எங்களிடம் கிசுகிசுத்தார். பெற்றோல் ஷெட் மாமிக்கு மூத்த மகளோடு பிரச்சினை. அதை ஒருவருக்கும் சொல்ல முடியாது. தன் பக்கத்து ஆட்களுக்குச் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். எந்தப் பக்கமும் இல்லாத ஒருத்தியிடம் சொல்லலாம். குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவிடம் சொல்லி அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு போவார். அம்மா அதை எங்களுக்குக்கூடச் சொன்னதில்லை.

ஒரு வியாழன் பின்னேரம் இரண்டு அங்கிள்மாரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்துவிட்டார்கள். எங்கள் படி ஒடுக்கம், இரண்டு பேரும் ஒரே பருமன்.

"நீங்கள் முதல் ஏறுங்கோ."

"சீச்சீ, நீங்கள் வயசுக்கு மூத்தவர்."

"ஆர் மூத்தது? நரைச்சா மூத்ததோ?"

மேலேயிருந்து அம்மா, "ரெண்டு பேரும் ஏறுங்கோ. தேத்தண்ணி ஆறுது" என்றார்.

அறைக்குள் இரண்டு பேரும் எதிரெதிரே இருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

"நீலம் மாதாவின்ரை நிறம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்" என்றார் பெற்றோல் ஷெட் அங்கிள்.

"எங்கடை மாதா மடுவிலை எல்லோ நிக்கிறா. மடுவிலை வெயில். வெயில் மஞ்சள்."

"அந்த மஞ்சளைப் பாத்தா எனக்கு ஆசுப்பத்திரி ஞாபகம் வருது."

"உந்த நீலத்தைப் பாத்தா எனக்கு உங்கடை பெற்றோல் ஷெட் ஞாபகம் வருது. எங்கை காசு கட்டுறது எண்டு தேடுறன்."

அப்பா ஷிப்டுக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தவர். இரண்டு பேரும் ஒன்றாக அவரைப் பார்த்து, "நீங்கள் சொல்லுங்கோ சல்லூம்!" என்றார்கள். அப்பா சப்பாத்து வாரைக் கட்டியபடி, "நான் என்னத்தைச் சொல்லுறது? அது இவவின்ரை விசயம்" என்றார். அம்மா எழும்பி, மீன்கடை அங்கிளுக்கு நீலப் பூக் கோப்பையிலும் பெற்றோல் ஷெட் அங்கிளுக்கு மஞ்சள் பூக் கோப்பையிலும் இன்னொரு முறை தேத்தண்ணி ஊற்றினார். முதலில் கவனித்தது மீன்கடை அங்கிள்தான். கோப்பையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். மற்றவருக்கும் சிரிப்பு ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு இரண்டு பேரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். ஒரே பானைச் சோறு.

ஆனால் நிறம் முடிவாகவில்லை. எப்போது கேட்டாலும் அம்மா, "யோசிக்கிறன்" என்றார்.

திருநாள் வந்தது. உங்களுக்கு நினைவிருக்கும், மண்டபம் நிரம்பி வாசலுக்கு வெளியேயும் சனம். ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள், முன்னால் சிவப்புத் திரை, பின்னால் எங்கள் அலையடிக்கிற வெள்ளைச் சுவர். பங்குத்தந்தை நடுவில் நின்று நாலு பக்கமும் மெல்லத் திரும்பிப் பார்த்தார். என்ன சொல்வாரோ என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கம்பளக் கடைக்காரருக்கு இது வேண்டியிராது என்று சொல்லிவிட்டு வாசற்கதவுத் திறப்பை உபதேசியாரின் கையில் வைத்தார். அன்றைக்கு அம்மா தேத்தண்ணி ஆறமுதல் வெளிக்கிடவில்லை. நாங்கள்தான் அவரைத் தேடித் திரிந்தோம். இடப்பக்க வட்டத்தில் இருப்பார், போய்ப் பார்த்தால் வலப்பக்க வட்டத்தில் நிற்பார். கடைசியில் கதிரைகளை மடித்து அடுக்கும்போதுதான் வீட்டுக்குப் போனோம்.

அப்பாவை நாங்கள் பயந்தவர் என்று நினைத்தோம். பெரியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். இப்போது யோசித்தால், மிச்ச வாளி எதையாவது வாங்கி ஒரு மணித்தியாலத்தில் அந்தச் சுவரை அடித்து முடித்திருக்கலாம். இரண்டு பக்கத்தையும் எங்கள் வீட்டுப் படியில் ஏற வைத்தது அவருடைய அந்த ஒரு வசனம்தான். தெரிந்து சொன்னாரா என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். "எனக்கு உண்மையாவே நிறம் தெரிவு செய்யத் தெரியாது பிள்ளை" என்றார். அதை நான் பாதிதான் நம்பினேன்.

திருநாளுக்கு அடுத்த ஞாயிறு. மாமா போன் எடுக்கிற நேரம். போன் படி உச்சியில் சுவரில் இருந்தது. அம்மா முன்னரே கதிரையை அதற்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தார். அப்பா பாண் தொழிற்சாலைப் பையோடு படியில் இரண்டு தட்டு இறங்கி, ஏதோ மறந்தவர் போல அப்படியே இருந்துவிட்டார். நாங்கள் மூன்று பேரும் அறைக்கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தோம்.  பெரியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அந்த நேரம் கனடா ஆசை போய்விட்டிருந்தது. காரணம் நமக்குத் தெரியும்.

மணி அடித்தது.

"ஓம் அண்ணை. ஓம், திருநாள் நல்லா நடந்தது. சரியான சனம்."

மாமாவின் குரல் ரிசீவருக்குள் இரைந்தது. பேப்பர், கையெழுத்து என்ற சொற்கள் எங்களுக்கும் கேட்டன. அம்மா ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார். வாயரைச் சுண்டுவிரலில் சுற்றினார், அவிழ்த்தார், திரும்பவும் சுற்றினார். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது, வெள்ளைச் சட்டை, நரைக்கத் தொடங்கிய பிடரி.

"இல்லை அண்ணை, இப்ப ஏலாது" என்றார் அம்மா. "பின்சுவருக்கு இன்னும் நிறம் முடிவாகேல்லை."

மாமா ஏதோ கத்தினார்.

"எப்ப முடியுமெண்டோ? அதை நான் இப்ப எப்பிடிச் சொல்லுறது? ரெண்டு பக்கத்தாரும் நாளைக்கு வருகினம், கதைச்சுப் பாக்க வேணும்."